பாப் அப் தொல்லையா? ஸ்பைவேரை நீங்களே நீக்கலாம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில வாரங்களிலேயே என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நான் எதையும் திறக்கவில்லை. ஆனால் திரையின் ஓரத்தில் விளம்பரம் வந்து கொண்டே இருக்கிறது. வைரஸ் வந்துவிட்டதா? பார்மட் செய்ய வேண்டுமா?" பெரும்பாலும் பார்மட் செய்திடத் தேவை இருக்காது. ஆனால் அந்த விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் நீக்க முயலக் கூடாது. வரும் வழி தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இதற்கு நான் கடைப்பிடிக்கும் வரிசையை இங்கு படிப்படியாகத் தருகிறேன்.

ஸ்பைவேர், ஆட்வேர் என்றால் என்ன?

நமக்குத் தெரியாமல் நம் செயல்பாடுகளைக் கவனித்து, அந்தத் தகவல்களை வேறு யாருக்கோ அனுப்பும் புரோகிராம் ஸ்பைவேர். விளம்பரங்களைக் காட்டிப் பணம் பார்ப்பது ஆட்வேர். பல நேரங்களில் ஒரே புரோகிராம் இரண்டு வேலைகளையும் செய்கிறது. வைரஸ் போல இவை திருட்டுத்தனமாக நுழைவதில்லை. பெரும்பாலும் நாம் தரும் அனுமதியுடன்தான் உள்ளே வருகின்றன.

2000ஆம் ஆண்டை ஒட்டி கேட்டர் போன்ற புரோகிராம்கள் இலவச சாப்ட்வேர்களுடன் ஒட்டிக் கொண்டு வந்தன. 2003ல் கூல் வெப் சர்ச் என்பது பிரவுசரின் ஹோம் பேஜையே மாற்றிப் பலரைப் பாடாய்ப் படுத்தியது. 2004ல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2ல், இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு பாப் அப் தடுப்பு வசதி கிடைத்தது. இன்று எல்லா பிரவுசர்களிலும் அந்த வசதி உள்ளது. அப்படியும் பாப் அப் வருகிறதே என்கிறீர்களா? 2015ல் குரோம் பிரவுசர், இணைய தளங்கள் நேரடியாக நம் திரைக்கு அறிவிப்பு அனுப்பும் வசதியைக் கொண்டு வந்தது. செய்தி, மெயில் தளங்களுக்குப் பயன்படும் இந்த வசதியைத்தான் விளம்பரக்காரர்கள் இப்போது கதவாகப் பயன்படுத்துகிறார்கள்.

தொடங்கும் முன்

பாப் அப்பில் உள்ள எந்த பட்டனிலும் கிளிக் செய்ய வேண்டாம். "வைரஸை நீக்கு" என்றோ, "ஸ்கேன் செய்" என்றோ அதில் இருந்தால், அதுவே உங்களை வலையில் சிக்க வைக்கும் தூண்டிலாக இருக்கலாம். வேலை முழுவதும் முடியும் வரை இந்தக் கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் செய்யவோ, பாஸ்வேர்ட் டைப் செய்யவோ வேண்டாம்.

படி 1: நோட்டிபிகேஷன் அனுமதியை நீக்குதல்

பாப் அப் திரையின் வலது கீழ் மூலையில் வருகிறதா? அதில் பிரவுசரின் பெயரோ, ஓர் இணைய தளத்தின் பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் நோட்டிபிகேஷன்தான். "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதி செய்ய அலவ் அழுத்தவும்" என்று ஏதாவது ஒரு தளம் கேட்டிருக்கும். நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். அன்றிலிருந்து விளம்பரம் வரத் தொடங்கியிருக்கும்.

குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து "செட்டிங்ஸ்" செல்லவும். "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி", பின் "சைட் செட்டிங்ஸ்", அதில் "நோட்டிபிகேஷன்ஸ்" என்று செல்லவும். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். தெரியாத பெயர் ஒவ்வொன்றின் அருகிலும் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து "பிளாக்" தரவும். எந்தத் தளத்தின் அறிவிப்பும் தேவை இல்லை என்றால், இதே பக்கத்தில் தளங்கள் கேட்பதையே தடுத்துவிடலாம். எட்ஜ் பிரவுசரில் செட்டிங்ஸ் பக்கத்தில் உள்ள தேடல் கட்டத்தில் நோட்டிபிகேஷன் என்ற ஆங்கிலச் சொல்லை டைப் செய்தால், அந்த இடத்திற்கே சென்றுவிடலாம்.

பலருக்கு இத்துடனேயே தொல்லை தீர்ந்துவிடும். தீரவில்லை எனில் தொடருங்கள்.

படி 2: எக்ஸ்டென்ஷன்களைச் சரி பார்த்தல்

தேடினால் வேறு ஏதோ தேடுதளம் வருகிறதா? ஹோம் பேஜ் தானாக மாறியிருக்கிறதா? அப்படியானால் பிரவுசரில் சேர்ந்துள்ள எக்ஸ்டென்ஷன்களைப் பார்க்க வேண்டும். மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து "எக்ஸ்டென்ஷன்ஸ்" பிரிவில் "மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்" தேர்ந்தெடுக்கவும். கூப்பன், வானிலை, பிடிஎப் மாற்றி, வீடியோ டவுன்லோடர் என்ற பெயர்களில் நீங்கள் பயன்படுத்தாதது எது இருந்தாலும் "ரிமூவ்" தரவும்.

அதன் பின்னும் மாற்றம் இல்லை எனில் குரோம் செட்டிங்ஸில் "ரீசெட் செட்டிங்ஸ்" பயன்படுத்தலாம். புக்மார்க்குகளும் சேமித்த பாஸ்வேர்டுகளும் அழியாது. எக்ஸ்டென்ஷன்கள் செயலிழக்கும், குக்கிகள் நீங்கும். எனவே தளங்களில் மீண்டும் லாக் இன் செய்ய வேண்டியிருக்கும்.

படி 3: வேண்டாத புரோகிராம்களை அன்இன்ஸ்டால் செய்தல்

விண்டோஸ் 11ல் "செட்டிங்ஸ்", "ஆப்ஸ்", "இன்ஸ்டால்டு ஆப்ஸ்" என்று செல்லவும். பட்டியலை இன்ஸ்டால் செய்த தேதி வாரியாக வரிசைப்படுத்தவும். தொல்லை தொடங்கிய நாளை நினைவில் கொண்டு, அன்றும் அதற்கு ஓரிரு நாட்கள் முன்னும் வந்தவற்றைப் பாருங்கள். ஒரு இலவச சாப்ட்வேர் இறக்கிய அதே நாளில் முன்பின் தெரியாத இரண்டு மூன்று பெயர்கள் சேர்ந்திருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் கம்ப்யூட்டர் தயாரித்த நிறுவனத்தின் பெயரிலோ, மைக்ரோசாப்ட் பெயரிலோ உள்ளவற்றை அவசரப்பட்டு நீக்கக் கூடாது. அவை டிரைவர்களாக இருக்கலாம்.

அடுத்து கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கவும். "ஸ்டார்ட் அப் ஆப்ஸ்" பகுதியில், கம்ப்யூட்டர் தொடங்கும்போதே இயங்கும் புரோகிராம்களைக் காணலாம். சந்தேகமானதை "டிசேபிள்" செய்து, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். இது நீக்குவது அல்ல, நிறுத்தி வைப்பதுதான். எனவே தவறானதை நிறுத்திவிட்டாலும் மீண்டும் "எனேபிள்" செய்து கொள்ளலாம்.

படி 4: ஸ்கேன் செய்தல்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிபெண்டர் உடன் வருகிறது. "விண்டோஸ் செக்யூரிட்டி" திறந்து, "வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்" பிரிவில் "ஸ்கேன் ஆப்ஷன்ஸ்" கிளிக் செய்திடவும். முதலில் "புல் ஸ்கேன்" கொடுக்கவும். சில மணி நேரம் ஆகலாம். பிடிபட்டது திரும்பத் திரும்ப வந்தால் "ஆப்லைன் ஸ்கேன்" தேர்ந்தெடுக்கவும். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுமையாக இயங்கும் முன்பே சோதனை நடக்கும். அப்போது ஒளிந்து கொள்ளும் புரோகிராம்களும் சிக்கும். இதைத் தொடங்கும் முன் திறந்துள்ள பைல்களை சேவ் செய்து கொள்ளவும்.

அதே விண்டோஸ் செக்யூரிட்டியில் "ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்" பகுதியில், வேண்டாத புரோகிராம்களைத் தடுக்கும் அமைப்பு உண்டு. அதில் ஆப்ஸ், டவுன்லோட்ஸ் இரண்டுக்கும் டிக் இருக்கிறதா என்று பார்க்கவும்.

இன்னொரு சோதனை வேண்டும் என்றால், மால்வேர்பைட்ஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் ஆட்வ்கிளீனரை இயக்கலாம். இன்ஸ்டால் செய்யாமலேயே இயங்கும். அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். தேடல் முடிவுகளின் மேலே விளம்பரமாக வருவதை நம்பி இறக்கக் கூடாது.

சைரன் ஒலிக்கும் எச்சரிக்கை

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் கம்ப்யூட்டரில் ஒரு நாள் திரை முழுவதும் நீல நிற எச்சரிக்கை வந்து, ஒலி எழுப்பி, "உடனே இந்த எண்ணை அழைக்கவும்" என்றது. அவர் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டு என்னிடம் வந்தார். அழைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மறுமுனையில் பேசுபவர், தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் புரோகிராம் ஒன்றை இறக்கச் சொல்வார். பின் "சர்வீஸ் கட்டணம்" என்று வங்கித் தளத்தைத் திறக்க வைப்பார். ஆசிரியரின் பென்ஷன் கணக்கு அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதே இல்லை. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அப்படி வருவது வெறும் இணையப் பக்கம்தான். எஸ்கேப் கீயைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். பின் டேபை மூடிவிடலாம். மூட மறுத்தால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து "எண்ட் டாஸ்க்" தரவும். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று மூடிவிடவும்.

யாரேனும் ஏற்கனவே அழைத்துப் பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, வங்கிக்குச் சொல்லவும். இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் தரலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

படி 5: சுத்தம் செய்த பின்

மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றிவிடவும். மெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்ற வேண்டும். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மீட்கும் வழி அதில்தான் இருக்கிறது. சந்தேகம் தீரவில்லை எனில், தொல்லை இல்லாத வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ மாற்றவும்.

எல்லாம் செய்தும் பாப் அப் வந்தால் போட்டோ, டாகுமெண்ட் பைல்களை பேக் அப் எடுத்துவிட்டு, "செட்டிங்ஸ்", "சிஸ்டம்", "ரெகவரி" வழியே "ரீசெட் திஸ் பிசி" செல்லவும். "கீப் மை பைல்ஸ்" தேர்ந்தெடுத்தால் உங்கள் பைல்கள் இருக்கும், நீங்கள் இன்ஸ்டால் செய்த புரோகிராம்கள் போய்விடும்.

மீண்டும் வராமல் இருக்க

* எதையும் இன்ஸ்டால் செய்யும்போது "கஸ்டம்" தேர்ந்தெடுத்து, உடன் வரும் வேறு புரோகிராம்களின் டிக் அடையாளத்தை எடுத்துவிடவும்.
* அலவ் என்று கேட்கும் தளங்களுக்குத் தேவை இல்லாமல் அனுமதி தர வேண்டாம்.
* விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி எதையாவது பேஸ்ட் செய்யச் சொல்லும் தளத்தை உடனே மூடவும். ஸ்பைவேரை உங்கள் கையாலேயே இயக்க வைக்கும் தந்திரம் அது.
* விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டர் ஏற்கும் என்றால் விண்டோஸ் 11க்கு மாறிவிடுவது நல்லது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இந்தப் படிகளை ஒருமுறை செய்து பாருங்கள். இப்போது தொல்லை எதுவும் இல்லாதவர்களும் முதல் இரண்டு படிகளையாவது செய்து பார்க்கலாம். எப்போதோ கொடுத்துவிட்டு மறந்து போன அனுமதிகள் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடும்.