அச்சமும் மூளைக் கலமும்

அச்சம் உள்ளத்தின்பாற்பட்டது என்றே நாம் பொதுவாகக் கொள்கிறோம். தொல்காப்பியரோ அதனை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். மெய்ப்பாடாவது உள்ளத்து நிகழ்ச்சி உடலின்கண் வெளிப்பட்டுத் தோன்றுவது. நடுக்கம், வியர்ப்பு, நாவறட்சி என்பன புறத்தார் கண்ணுக்குப் புலனாகும். ஆயின் அச்சம் தீர்ந்து, நடுக்கமும் நின்றபின், அது மெய்யின்கண் எவ்விடத்தேனும் எஞ்சி நிற்கின்றதா? இவ்வினாவுக்கு விடை காண முயன்றவர்களுள் ஒருவர் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் சுமந்திர சட்டர்ஜி. அவர்தம் ஆய்வை நம் கல்லூரி மாணவரும் பழைய மாணவரும் அறிதல் நன்று எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றேன். யான் தமிழாசிரியன், விஞ்ஞான ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

முதற்கண் கலத்தின் அமைப்பைக் காண்போம். மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள. ஒவ்வொன்றும் ஒரு மரத்தை ஒத்தது. நடுவே கலவுடல், அதினின்று செய்தியை ஏற்கும் கிளைகள் பல பிரிந்து விரியும், செய்தியை அப்பால் அனுப்பும் நீண்ட நார் ஒன்று செல்லும். கிளைகளின் மேல் மிக நுண்ணிய முட்கள் நிறைந்திருக்கும். ஒரு முள்ளின் அளவு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு எனலாம். அண்டைக் கலத்தின் நார் வந்து செய்தி கொடுக்கும் இடங்கள் பெரும்பாலும் இம்முட்களே. ஆகவே கிளை நீண்டால் அல்லது முள் மிகுந்தால் அக்கலம் கேட்கும் குரல்கள் மிகும். கிளை சுருங்கினால் குறையும்.

இவற்றைக் கண்ணாற் காண்பது எளிதன்று. கலங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், எல்லாவற்றுக்கும் சாயம் ஏற்றினால் கரிய திரைதான் தெரியும். இத்தாலிய மருத்துவர் கமில்லோ கோல்ஜி 1873ஆம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டார். மூளைத் துண்டைப் பொற்றாசியம் இருகுரோமேற்றிலும் பின் வெள்ளி நைத்திரேற்றிலும் ஊறவைத்தால், நூற்றில் ஒரு சில கலங்களே கறுக்கும். ஆனால் கறுத்த கலம் அடி முதல் நுனி வரை முழுமையாகத் தெரியும். குறைபாடு போலத் தோன்றும் அதுவே அம்முறையின் சிறப்பு. ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ ரமோன் இ காஹால் அம்முறையைத் திருத்தி, 1888 முதல் கலங்களைத் தம் கையாலேயே வரைந்து, ஒவ்வொரு கலமும் தனித்தனியானது என்று நிறுவினார். முட்களை முதலில் விவரித்தவரும் அவரே. கோல்ஜியோ எல்லாம் இடையறாத ஒரே வலை என்றார். 1906ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபெல் பரிசு ஒருங்கே வழங்கப்பட்டபோதும் கோல்ஜி தம் கொள்கையை விட்டாரல்லர். பரிசுப் பேருரையிலேயே மற்றவர் கொள்கையை மறுத்தார். புலவர் பூசல் தமிழுக்கு மட்டும் உரியதன்று போலும்!

இனிப் பெங்களூர் ஆய்வுக்கு வருவோம். மூளையின் இரு பகுதிகளை ஈண்டு அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று ஹிப்போகாம்பஸ், கடற்குதிரையின் வடிவை ஒத்தமையால் கிரேக்க மொழியில் அப்பெயர் பெற்றது. புதியன கற்பதற்கும் இடங்களை நினைவிற் கொள்வதற்கும் இது இன்றியமையாதது. மற்றொன்று அமிக்டலா, வாதுமைக் கொட்டை என்பது அதன் பொருள். ஆபத்தை உணர்ந்து அச்சத்தை எழுப்புவதிலும் அதனை நினைவில் நிறுத்துவதிலும் இதற்குப் பெரும் பங்குண்டு. நெருக்குதலுற்ற எலிகளின் ஹிப்போகாம்பஸில் கிளைகள் சுருங்குவதை நியூயோர்க்கில் புரூஸ் மக்கியூவன் குழுவினர் முன்னரே கண்டிருந்தனர். அமிக்டலாவில் யாது நிகழும் என்பதே சட்டர்ஜி குழுவினர் எழுப்பிய வினா.

எலிகளை நாளொன்றுக்கு 2 மணிநேரம் அசையவொட்டாது அடக்கிவைத்து, 10 நாள் இவ்வாறு செய்தனர். பின்னர் கோல்ஜியின் பழைய முறையையே கையாண்டு, கலங்களை நுணுக்குக்காட்டியின் கீழ்க் கிளை கிளையாக வரைந்து அளந்தனர். 2002ஆம் ஆண்டில் வெளியான முடிவு வியப்பைத் தந்தது. கடற்குதிரையிற் கிளைகள் சுருங்கின; வாதுமைக் கொட்டையில் அவை வளர்ந்தன! ஒரே துன்பம், ஒரே மூளை. கற்கும் மரம் குறுக, அஞ்சும் மரம் தழைத்தது.

துன்பம் நீங்கியபின் எலிகளுக்கு 21 நாள் ஓய்வு கொடுத்தும் பார்த்தனர். ஹிப்போகாம்பஸின் கிளைகள் மீண்டன. அமிக்டலாவின் கிளைகளோ வளர்ந்தவாறே நின்றன. எலிகளின் நடத்தையும் அதற்கேற்ப இருந்தது. சிலுவை வடிவான உயர்ந்த மேடையொன்றில் இரு புயங்களுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. அஞ்சிய எலி சுவரற்ற புயத்திற் கால் வைக்கத் தயங்கும். ஓய்வு பெற்ற பின்னும் இத்தயக்கம் தீரவில்லை. இவ்வாய்வு 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அவ்வாண்டின் டிசெம்பர் 26ஆம் நாளை இம்மாவட்டத்தில் எவரும் மறவார். கிண்ணியாவிலும் மூதூரிலும் நகரின் கரையோரங்களிலும் கடல் உட்புகுந்தது ஒரு காலைப்பொழுதுதான். 1983 முதல் 2009 வரை நீண்ட போர் பத்து நாள் ஆய்வைப் போன்றதாயின், ஆழிப்பேரலை ஒரு முறை வந்த பேரச்சம். ஒரு முறை அஞ்சினால் யாதாகும் என்பதையும் அக்குழுவினர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரேயொரு தடவை 2 மணிநேரம் அடக்கப்பட்ட எலியின் அமிக்டலாவில் மறுநாள் மாற்றம் எதுவும் இல்லை. பத்தாம் நாளிலோ முட்கள் மிகுந்திருந்தன. அச்ச நடத்தையும் அப்பொழுதே தலைகாட்டியது. அன்று அழாத பிள்ளை பின்னொரு நாளில் நடுங்குவதை நடிப்பென்று கூறுவோர் இதனை நினைத்துப் பார்க்கலாம். போர் ஓய்ந்து பல்லாண்டு சென்றபின்னும் கோயில் வாணவேடிக்கைக்குத் திடுக்கிட்டெழும் முதியோரை நாம் அறிவோம். மனவடு என்று நாம் எழுதும் சொல்லை இதுகாறும் உருவகமென்றே யான் கற்பித்துவந்தேன். அது முற்றும் உருவகமன்று.

எலி வேறு, மனிதன் வேறு என்பது உண்மையே. உயிருள்ள மனிதரின் மூளையைக் கோல்ஜி முறையில் ஆராய இயலாது; எலியின் 21 நாளை நம் நாட்களோடு ஒப்பிடவும் ஆகாது. சிறிதளவு பதற்றம் கற்றலைக் கூர்மையாக்குவதும் உண்டு. தேர்வு மண்டபத்தின் படபடப்பை எவரும் நோயென்னார். ஆயினும் இவ்விரு பகுதிகளும் எலிக்கும் நமக்கும் பொதுவானவை. அச்சத்தில் அவை ஆற்றும் பணியும் பெரிதும் ஒத்தது.

தொல்காப்பியர் அச்சத்தின் நிலைக்களன்களை நான்காகக் கூறுவார்: தெய்வம், விலங்கு, கள்வர், தம் தலைவர். வகுப்பறையுள் அந்நான்காம் இடத்தில் நிற்பவர் ஆசிரியரே. பாடசாலைகளில் உடற்றண்டனையைக் கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடைசெய்தது. ஆயினும் "அடியாத மாடு படியாது" என்னும் பழமொழி ஆசிரியர் அறைகளில் இன்றும் ஒலிக்கின்றது. பெற்றோர் சிலரும் அதனையே வேண்டுகின்றனர். பிரம்பைக் கண்ட வகுப்பு அமைதியாகும் என்பதை யான் மறுக்கவில்லை. அவ்வமைதி எவ்வகையது என்பதே கேள்வி. செய்யுளைத் தடையின்றி ஒப்பித்த மாணவன் பொருள் கேட்டவுடன் வாயடைத்து நிற்பதைக் காணாத தமிழாசிரியர் உண்டோ? அவனைச் சோம்பேறி என்பதற்கு முன் அவன் எதற்கு அஞ்சுகிறான் என்று கேட்பது தகும்.

பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் எனப்படும் மனநல நரம்பியல் நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். அவ்வாறே பல நாள் அடக்கிவைத்து நெருக்குதலுக்கு உள்ளாக்கிய எலிகளைப் பின்னர் விசாலமான கூட்டில், துணை எலிகளோடும் விளையாட்டுப் பொருள்களோடும் நாடோறும் உலவவிட்டனர். ஹிப்போகாம்பஸில் குறைந்திருந்த புதுக்கலத் தோற்றம் மீண்டும் பெருகிற்று. கிளைவழிகளுள் உணவிருக்கும் வழியை நினைவிற்கொண்டு காணும் சோதனையிலும் அவை முன்னேறின. மருந்து எதுவும் அவற்றுக்குக் கொடுக்கப்படவில்லை.