துணை ஆய்வாளர் பதவி குறித்து மகளுக்கு

திருக்கனூர்

சௌபாக்கியவதி மகளுக்குப் பெரியப்பாவின் ஆசீர்வாதம்.

பள்ளித் துணை ஆய்வாளர் என்பது ஒரு வட்டத்துக்கு உட்பட்ட பள்ளிகளைப் பார்வையிட்டு, பதிவேடுகளைச் சரிபார்த்து, மேலதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்பும் பதவியாகும். அதற்கு மகளின் பெயர் பேசப்படுகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து இவ்வீட்டில் மகிழ்ச்சியும், அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கவலையும் நிலவுகின்றன. முடிவு முழுவதும் மகளுடையதே. ஆயினும் வகுப்பை விட்டு நிர்வாகத்துக்குச் சென்ற அப்பாவின் கதை அவள் கண்முன் நடந்தது என்பதால் சில சொற்கள் தேவையாகின்றன.

நிர்வாகம் தாழ்ந்த பணி என்று எவரும் கூற இயலாது. காமராசர் ஆட்சியில் 1956ஆம் ஆண்டு பள்ளி மதிய உணவுத் திட்டம் ஊர் ஊராகப் பரவியதில், அன்று சென்னை மாநிலத்தின் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் உழைப்பு பெரிது. அவரும் பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றி மேலே வந்தவரே. ஆனால் அவருக்கு வாய்த்த அதிகாரம் ஒரு வட்ட அலுவலகத்துக்கு இல்லை. அங்கு குவிவன இடமாற்ற மனுக்கள், வழக்குக் கோப்புகள், பள்ளிதோறும் மாணவர், ஆசிரியர், கட்டட விவரங்களைத் திரட்டும் யூடைஸ் என்னும் தேசியத் தரவுத்தளத்தின் படிவங்கள் ஆகியனவே. பாடக்குறிப்பையும் வருகைப்பதிவேட்டையும் புரட்டிக் கையெழுத்திட்டுத் திரும்பும் வழக்கம், பிள்ளைக்குப் படிக்க வந்ததா என்ற ஒரே கேள்வியை விழுங்கிவிட்டது. கணக்குப் பாடத்துக்காகவே பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் தேடிவந்த அப்பா, பணியின் கடைசி ஆண்டுகளில் கரும்பலகையில் ஒரு கணக்கும் எழுதவில்லை; அதை அவர் எவரிடமும் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் இவ்வீடு மறக்கவில்லை.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. புதுச்சேரிக்கெனத் தனிக் கல்வி வாரியம் இல்லாததால், புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளத்தினதையும், ஏனாம் ஆந்திரத்தினதையும் பின்பற்றிவந்தன. 2023-24 கல்வியாண்டில் ஆறாம் வகுப்பு முதலான அரசுப் பள்ளி வகுப்புகளும் சிபிஎஸ்இ எனப்படும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. விளைவாக, இங்குள்ள மண்ணாடிப்பட்டு கொம்யூன் என்னும் உள்ளாட்சிப் பகுதியின் கழனிவேலைக் குடும்பத்துப் பிள்ளை, அறிவியல் நூலின் ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ என்று தமிழெழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, இலை தனக்கு வேண்டிய உணவை வெயிலில் ஆக்கிக்கொள்வதே அது என்று அறியாமல் மனப்பாடம் செய்கிறது. அந்தப் பென்சில் எழுத்து எந்தப் படிவத்திலும் ஏறாது. பிள்ளையின் பக்கத்தில் குனிந்து நிற்கும் ஆசிரியர் கண்ணுக்கே படும். மகள் அதைக் கண்டு, முதலில் தமிழில் விளக்கி, பிறகே ஆங்கிலத்துக்குப் போகிறாள் என்பது ஊரறிந்தது. பாடமாற்றம் நிலைகொள்ளும் வரையிலாவது அத்தகையவர் வகுப்பை விட்டு நகரக் கூடாது என்பதே பெரியப்பாவின் உறுதியான எண்ணம். அதன்பின் பதவி வந்தால், வாரத்தில் ஒரு பாடவேளையேனும் ஏதாவதொரு பள்ளியில் தானே கற்பிப்பது என்ற உறுதியோடு ஏற்கலாம். சம்பளமும் அலைச்சலும் மாப்பிள்ளையுடன் பேசித் தீர்க்க வேண்டியவை.

இவை அச்சுறுத்த எழுதியவை அல்ல. மகள் தொட்டது துலங்கும்; அலுவலகத்துக்கே சென்றாலும் அங்குள்ள கோப்புகள் அவள் கையில் ஒழுங்குக்கு வரும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பொறுப்பேற்கும் நாளில் பெரியப்பாவும் பெரியம்மாவும் உடன் வருவார்கள். புது மணிலாக்கொட்டை உடைத்து எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது, பிள்ளைகளுக்குப் பொரிவிளங்காயும் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு அவசியம் வரவேண்டும், வேலைப் பேச்சை இங்கு யாரும் எடுக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
பெரியப்பா