தங்கச்சிக்கு: சைக்காலஜியோடு யூதவியலும் படிக்க

"அக்கா, சைக்காலஜி எடுக்கப் போறேன், கூடவே யூதர்களைப் பத்தியும் படிக்கணும், ரெண்டும் சேர்த்து முடியுமா?" என்று போன வாரம் கேட்டாயே, முடியும் கண்ணு. நம் மலை ஊரான கோவிலூரில் பஸ் ஏறிக் கீழே படிக்கப் போனவளாக, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அட்மிஷன். கேரளக் கல்லூரிகளில் 2024 முதல் நான்கு வருடப் பட்டம் வந்துவிட்டது. மூன்று வருடத்தோடு டிகிரி வாங்கிக்கொண்டு வெளியே வரலாம், நாலாவதும் படித்தால் ஹானர்ஸ். மேஜர் ஒன்று, மைனர் வேறொன்று என்று எடுக்க இதில் வழி இருக்கிறது. சைக்காலஜி மேஜர், வரலாறு மைனர் என்று வைத்துக்கொள். யூதவியல் என்ற பெயரிலேயே பாடம் தேடி அலையாதே. வரலாற்றுக்குள்ளிருந்தே அதற்குப் போகலாம். எந்த மேஜரோடு எந்த மைனர் கொடுப்பார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஃபீஸ் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடு. நான் கேட்காமல் சேர்ந்து, ஒரு செமஸ்டர் முழுக்கத் தவித்தேன்.

அப்பாவிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடு. இளங்கலை முடித்த உடனே 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு மேற்படிப்பும், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவும் வேண்டும். இது நீண்ட பாதை என்று வீட்டுக்கு இப்போதே தெரிந்திருப்பது நல்லது.

புள்ளியியலை நினைத்துப் பயப்படுகிறாய் அல்லவா? அப்பாவின் மண்டிச் சிட்டையை எடு. கேரட் ஐந்து நாள் கிலோ 18, 20, 20, 22, 40 ரூபாய்க்குப் போனதாக வை. சராசரி 24. ஆனால் நடுவில் நிற்கும் எண் 20. அந்த ஒரே ஒரு 40 சராசரியைத் தூக்கிவிட்டது. மீன், மீடியன் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். பூண்டு விலையையும் இப்படியே போட்டுப் பார், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தானாகப் புரியும்.

இனி உன் ஆசைக்கு வருகிறேன். இந்த இரண்டு படிப்பும் தனித்தனி என்று நினைக்காதே. சாலமன் ஆஷ் என்ற பெயரை சமூக உளவியல் பாடத்தில் பார்ப்பாய். 1907இல் வார்சாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சின்னப் பையனாக இருந்தபோது பாஸ்கா என்ற யூதப் பண்டிகையின் விருந்து இரவில், யாருக்கும் இல்லாமல் ஒரு கிண்ணத்தில் ஒயின் ஊற்றி வைப்பதைப் பார்த்து, யாருக்கு என்று கேட்டார். எலியா தீர்க்கதரிசிக்கு, உற்றுப் பார், ஒரு வாய் குடிப்பார் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒயின் கொஞ்சம் குறைந்த மாதிரியே அவருக்குப் பட்டது. இதே மனிதர்தான் பின்னாளில், 1951இல், கோடுகளின் நீளத்தைச் சொல்லச் சொல்லும் சோதனையை வெளியிட்டார். சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் தப்பாகச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது அவர்களோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். அந்தக் கிண்ணத்தைப் பற்றித் தெரிந்தவளுக்கு இந்தச் சோதனை பரீட்சைக்கு மட்டும் படிக்கிற பாடமாக இருக்காது. ஃப்ராய்ட், ஃப்ராங்கல், 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய குர்ட் லெவின் என்று இன்னும் பல யூத அறிஞர்களை இப்படிப் படிக்கலாம்.

படிக்கிற முறையையும் யூதர்களிடமே எடுத்துக்கொள். தல்மூது என்ற தங்கள் சமய நூலை இரண்டு பேராக உட்கார்ந்து, கேள்வி கேட்டு, மறுத்துப் பேசிப் படிப்பார்கள். ஹவ்ரூத்தா என்று பெயர். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் காட்டியதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, தங்களைத் தாங்களே சோதித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஹாஸ்டலில் ஒரு தோழியைப் பிடி. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவளுக்குச் சொல்லிக் கொடு. அவள் கேட்கும் கேள்வியில்தான் உனக்கு எது தெரியாது என்பது தெரியும். யூத மூல நூல்களுக்கு செஃபாரியா தளம் இருக்கிறது, இலவசம். பலவற்றில் ஹீப்ருவுக்குப் பக்கத்திலேயே ஆங்கிலமும் வரும். லீவுக்கு ஊருக்கு வரும்போது வேண்டியதை முன்பே இறக்கி வைத்துக்கொள். மழைக்காலத்தில் இங்கே கரண்டும் நெட்வொர்க்கும் எப்படி என்று உனக்கே தெரியும்.

இன்னொன்று, தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டோமே என்று குனியாதே. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் யூசுப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் இருக்கிறது. பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என்று அவருக்குக் கொடுத்த உரிமைகளை வரிசையாகச் சொல்கிறது. பாவாடை என்றால் இங்கே உடுத்துவதல்ல, நடந்து வர விரிக்கும் துணி. வெளிநாட்டிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர் அகராதி பார்த்துத் தெரிந்துகொள்ளும் சொற்களில் பாதி உன் நாக்கிலேயே இருக்கிறது. அதனால் வட்டெழுத்தைக் கற்றுக்கொள். தமிழ்தான் உன் கையில் இருக்கும் பெரிய பலம்.

கடைசியாக, முதல் செமஸ்டரிலேயே கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் பரதேசி ஜெப ஆலயத்துக்கு ஒரு நடை போய் வா. 1568இல் கட்டியது. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பாகப் போட்டுக்கொள். சனிக்கிழமை கிளம்பிவிடாதே, அன்று சபாத், யூதர்களின் ஓய்வு நாள், பார்வையாளர்களுக்குக் கதவு சாத்தியிருக்கும்.