எஞ்சியிருப்பவை எத்தனை? டிரையம்ப் டிஆர்5 வழியே ஒரு கணக்கு

பழங்கார் விற்பனை அறிவிப்புகளில் "உலகில் எஞ்சியிருப்பவை இத்தனையே" என்னும் வாசகம் தவறாது இடம்பெறுகிறது. அந்த ஓர் எண்ணைக் கொண்டே விலை ஏறுகிறது. வாங்குபவரும், காப்பீடு அளிப்பவரும், பிணையாக ஏற்க முன்வரும் வங்கியும் அதை நம்பியே கையொப்பமிட வேண்டியுள்ளது. எனவே அவ்வெண் எவ்வாறு பெறப்படுகிறது என்பதை இவ்விதழில் ஆராய்வோம். எடுத்துக்காட்டாக நாம் எடுத்துக்கொள்வது இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தயாரான டிரையம்ப் டிஆர்5 என்னும் விளையாட்டுக் கார். இக்காரின் உடலை வரைந்த இத்தாலியரான மிக்கெலோட்டியே, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் வரைந்தவர் என்பதால், நம்மவர் பலருக்கு இது தூரத்து உறவு.

தொடக்க இருப்பு தெளிவாகவே உள்ளது. 1967, 1968 ஆகிய ஆண்டுகளில் மொத்தம் 2,947 கார்கள் தயாராயின. அவற்றுள் 1,161 பிரிட்டன் சந்தைக்கு உரியவை, ஏனையவை ஏற்றுமதியாயின. தொழிற்சாலை ஏடுகள் இருப்பதால் இதில் ஐயத்துக்கு இடம் குறைவு. ஏடுகள் இல்லாத வேறு கார்களுக்கு, கண்ணில் பட்ட வரிசை எண்களுள் மிகப் பெரியதைக் கொண்டு தயாரிப்பைக் கணிப்பதுண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய டாங்கிகளின் எண்ணிக்கையை நேச நாடுகள் கணித்தது இம்முறையில்தான். ஆனால் அம்முறை எத்தனை பிறந்தன என்பதைச் சொல்லுமேயன்றி, எத்தனை வாழ்கின்றன என்பதைச் சொல்லாது.

அடுத்து நாடுவது அரசுப் பதிவேடு. பிரிட்டனில் வாகனப் பதிவுகளை ஸ்வான்சீ நகரிலுள்ள அலுவலகம் பராமரிக்கிறது. வரி கட்டிச் சாலையில் ஓடும் கார்களும், ஓட்டாமல் நிறுத்தி வைத்திருப்பதாக உரிமையாளர் அறிவித்த கார்களும் அதில் தனித்தனியே உள்ளன. ஆயினும் இவ்விரண்டையும் கூட்டினால் விடை வந்துவிடும் என்று எண்ணலாகாது. இந்த அறிவிப்பு முறை 1998இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே வரி கட்டுவதை நிறுத்தி, கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் கார் அதில் இராது. அதற்கும் முன்னர், பழைய கைப்பதிவேடுகளிலிருந்து கணினிக்கு மாற்ற 1983ஆம் ஆண்டுவரை கெடு தரப்பட்டது. அப்போது மாற்றப்படாதவையும் விடுபட்டன. வங்கி மொழியில் சொன்னால், செயல்படாக் கணக்கிலும் பணம் இருக்கிறது. அன்றாட ஏட்டை மட்டும் புரட்டுபவர் அதைக் காண்பதில்லை.

பதிவேடு காட்டாததைக் கணிக்க ஒரு பழைய உத்தி உண்டு. குளத்து மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டு, மீண்டும் விடுகின்றனர். பின்னர் இரண்டாம் முறை வலை வீசி, சிக்கியவற்றுள் அடையாளமிட்டவை எத்தனை என்று எண்ணுகின்றனர். காருக்கு வலையும் வேண்டாம், அடையாளமும் வேண்டாம். சேசிஸ் எண்ணே போதும். கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஆர்வலர் சங்கத்தின் பட்டியலில் 400 சேசிஸ் எண்கள் உள்ளன. சில ஆண்டு ஏல அறிவிப்புகளைத் திரட்டினால் 150 எண்கள் கிடைக்கின்றன. இரண்டிலும் காணப்படுபவை 75. அதாவது, ஏலத்துக்கு வந்தவற்றுள் பாதியே சங்கம் அறிந்தவை. ஆகவே சங்கத்தின் 400 என்பதும் மொத்தத்தில் பாதியாகவே இருக்கலாம். மொத்தம் ஏறத்தாழ 800.

இந்த 800ஐ அப்படியே ஏற்பது சரியன்று. புள்ளியியல் விதிப்படி இதற்கு இருபுறமும் நூற்றுக்குச் சற்று மேல் விளிம்பு விட வேண்டும். 680 முதல் 910 வரை எதுவும் பொருந்தும். அதைவிடப் பெரிய சிக்கல், இரு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதவை என்னும் அனுமானம். பளபளப்பாகப் பேணப்பட்ட கார் சங்கத்திலும் இருக்கும், ஏலத்துக்கும் வரும். கொட்டகையில் துருப்பிடித்த கார் இரண்டிலும் இராது. இதனால் பொதுவானவற்றின் எண்ணிக்கை மிகுந்து, மொத்தம் குறைத்தே மதிப்பிடப்படும். "மிக அரிது" என்று விற்பவருக்கு இப்பிழை மிகவும் உவப்பானது என்பதை வாசகர் மறக்க வேண்டா.

இனி, கார் என்று எதை எண்ணுவது? டிஆர்5இல் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் முறை இருந்தது. அமெரிக்கச் சந்தைக்கு அதே உடலுடன், கார்புரேட்டர் பொருத்திய டிஆர்250 தயாரானது, அவை 8,484. அமெரிக்காவிலிருந்து ஒரு டிஆர்250ஐத் தருவித்து, ஸ்டியரிங்கை இடம் மாற்றி, இன்ஜெக்‌ஷன் பொருத்திவிட்டால், தோற்றத்தில் அது டிஆர்5 ஆகிவிடுகிறது. இத்தகைய மாற்றங்களால் எஞ்சியவற்றின் எண்ணிக்கை ஆண்டுதோறும் "வளர்வதும்" உண்டு! நல்வாய்ப்பாக, தொழிற்சாலை வழங்கிய எண் டிஆர்5க்கு "சிபி" என்றும், டிஆர்250க்கு "சிடி" என்றும் தொடங்குகிறது. விலை பேசுமுன் அத்தகட்டையும், அது புதிதாக அறையப்பட்டதா என்பதையும், ஆவணத்திலுள்ள எண்ணுடன் அது ஒத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுதல் நலம். சரக்கிருப்பைப் பிணையாக ஏற்கும்போது ஏட்டை மட்டும் நம்பாமல் கிடங்குக்கே சென்று எண்ணிப் பார்ப்பது எங்கள் வழக்கம். இங்கும் அதுவே பொருந்தும்.

எந்த மதிப்பீட்டைக் காட்டினாலும் வாடிக்கையாளர் கேட்க வேண்டியவை சில உண்டு. எண்ணியது ஓடும் கார்களை மட்டுமா, நிற்பவற்றையும் சேர்த்தா? ஒரு நாட்டிலா, உலகம் முழுவதுமா? எந்த ஆண்டின் கணக்கு? விடை கிடைக்காவிடில் அவ்வெண்ணுக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. காரின் நிலைமைக்கு மட்டும் தரலாம்.

நம் நாட்டில் 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்கு "விஏ" எழுத்துகளுடன் தனிப்பதிவு வழங்கப்படுகிறது. புதுப்பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, பத்தாண்டுகள் செல்லும். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகப் பயன்பாட்டுக்கும் அனுமதியில்லை. விரும்பி விண்ணப்பித்தவை மட்டுமே இதில் சேரும் என்பதால் இது முழுக் கணக்காகாது. எனினும், சங்கப் பட்டியல்களுடன் ஒப்பிட்டு, எஞ்சியுள்ள ஹெரால்டுகளைக் கணிக்க விழைவோர்க்கு வேண்டிய இரண்டாவது பட்டியலாக இது அமையக்கூடும்.