பிளஸ் 2 புத்தகத்தில் இருக்கும் பைத்தான்: முடிவெடுப்பது யார், ஓட்டு யாருக்கு?

உங்கள் வீட்டில் பிளஸ் 2 கணினி அறிவியல் படிக்கிற பிள்ளை இருந்தால், அந்தப் பாடப்புத்தகத்தைக் கொஞ்சம் வாங்கிப் புரட்டிப் பாருங்கள். 2019-20 கல்வியாண்டில் வந்த புதிய பாடத்திட்டத்திலிருந்து பிள்ளைகள் அதில் படிப்பது பைத்தான் என்ற நிரல்மொழி. சென்னையில் படித்தாலும் ஊட்டியில் படித்தாலும் கூடலூரில் படித்தாலும் அதே பாடம்தான். இந்தப் பைத்தானை விற்கிற கம்பெனி எது என்று கேட்டால், அப்படி ஒன்று கிடையாது. அது திறமூல மென்பொருள். அதன் நிரல் முழுவதும் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும். காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம்.

சரி, உலகம் முழுவதிலிருந்தும் திருத்தம் வந்து குவிந்தால், எதை ஏற்பது, எதை விடுவது என்று யார் முடிவு செய்வது? தேர்தலில் ஜெயித்து வந்த ஐந்து பேர். அந்தக் குழுவுக்கு வழிகாட்டுக் குழு என்று பெயர்.

மென்பொருளுக்குத் தேர்தலா என்று தோன்றலாம். குந்தா, இத்தலார், கட்டபெட்டு பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட இண்ட்கோசர்வ் இணையத்தின் கீழ் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே உறுப்பினர்கள் சிறு விவசாயிகள். கூட்டுறவு விதிப்படி அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு, ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. கடையில் அந்தத் தூளை வாங்கி டீ போடுகிற நமக்கு ஓட்டு இல்லை. தோட்டத்திலிருந்து கொழுந்து கொண்டுவந்து கொடுப்பவருக்குத்தான். பைத்தானிலும் கிட்டத்தட்ட இதே கணக்கு. பயன்படுத்துபவர்கள் கோடிக்கணக்கில் இருந்தாலும், வழிகாட்டுக் குழுவுக்கு ஓட்டுப் போடுவது மையக் குழுவினர் மட்டும். அதாவது, பல காலம் நிரல் எழுதிக் கொடுத்து, திருத்தம் பார்த்து, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு ஓட்டைப் பெற்று உள்ளே வந்தவர்கள்.

ஆரம்பத்தில் இந்தத் தேர்தலெல்லாம் இல்லை. நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ரோசம் 1991-இல் பைத்தானை வெளியிட்டார். அதன்பின் பல ஆண்டுகள் கடைசி வார்த்தை அவருடையதுதான். "ஆயுள் முழுக்க நல்ல சர்வாதிகாரி" என்ற பட்டம்கூட அவருக்கு இருந்தது. பாதி கிண்டல், பாதி உண்மை! 2018-இல் ':=' என்ற சின்னக் குறியை மொழியில் சேர்க்கலாமா என்று பெரிய சண்டை வந்தது. கைடோ சேர்க்கலாம் என்றார், சேர்த்தும் விட்டார். ஆனால் அந்த வாக்குவாதத்தில் மனம் சலித்து, அந்த ஜூலை மாதமே முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். தனக்கு அடுத்து யார் என்று அவர் கைகாட்டவே இல்லை. இனி எப்படி நடத்துவது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். பெரிய பெரிய நிறுவனங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் நம்பியிருக்கிற ஒரு மொழிக்குத் திடீரென்று தலை இல்லை. ஒரு பெரிய கம்பெனி உள்ளே புகுந்து பிடித்துக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. உள்ளே இருந்தவர்கள் அவசரப்படவில்லை. எப்படிப்பட்ட நிர்வாகம் வேண்டும் என்று ஏழு திட்டங்கள் எழுதப்பட்டன. மறுபடி ஒரே தலைவர் என்றது ஒன்று, தலைமையே வேண்டாம் என்கிற அளவுக்குப் போனது இன்னொன்று. ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன்பு முறையைத் தேர்ந்தெடுக்க ஓட்டெடுப்பு நடந்தது. 2018 டிசம்பரில் ஐவர் குழுத் திட்டம் ஜெயித்தது. 2019 தொடக்கத்தில் முதல் தேர்தல். பேரி வார்சா, பிரெட் கேனன், கேரல் வில்லிங், நிக் காக்லன் ஆகியோரோடு கைடோவும் சாதாரண வேட்பாளராக நின்று ஜெயித்தார். அடுத்த தேர்தலில் அவர் ஒதுங்கிக்கொண்டார்.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: ஐந்து பேரில் ஒரே நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஓட்டு எவ்வளவு விழுந்திருந்தாலும் சரி, மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் கம்பெனி கைக்குப் போகாமல் மொழியைக் காப்பாற்றுவது இந்த வரிதான். குழு சரியில்லை என்றால், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து ஒருவரையோ மொத்தக் குழுவையோ இறக்கவும் முடியும்.

இந்த முடிவுகளால் நமக்கு என்ன ஆகப்போகிறது? தேயிலை = 50 என்று தமிழிலேயே மாறிக்குப் பெயர் வைத்து பைத்தானில் ஒரு வரி எழுதிப் பாருங்கள்; ஓடும். ஆங்கில எழுத்தல்லாத எழுத்துகளிலும் பெயர் வைக்கலாமா என்ற கேள்வி 2007-இல் வந்தபோது எதிர்ப்பும் இருந்தது. அன்று கைடோ சரி என்றதால்தான் இன்று அந்த வரி ஓடுகிறது. வேறு மாதிரி முடிவாகியிருந்தால் கோத்தகிரி மாணவிக்குத் தமிழில் பெயர் வைக்கும் வசதியே இருந்திருக்காது. அப்போது ஒருவர் எடுத்த முடிவு. இப்படி ஒரு கேள்வி இன்று வந்தால் ஐந்து பேர் எடுப்பார்கள். அந்த ஐவரை யார் அனுப்புகிறார்கள், அனுப்புகிறவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பது அதனால்தான் நமக்கும் விஷயம்.

எல்லாத் திட்டமும் பைத்தான் மாதிரி நடப்பதில்லை. டெபியன் என்ற இயங்குதளத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது ஏற்கெனவே உங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சேர்த்து 'பாஸ்' லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள் அல்லவா? சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த 'பாஸ்', டெபியன் மேல் கட்டப்பட்டது. டெபியனில் ஆண்டுதோறும் திட்டத் தலைவர் தேர்தல் நடக்கும். ஓட்டுரிமை உள்ளவர்கள் சுமார் ஆயிரம் பேர். வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும். அந்தப் பட்டியலிலேயே நோட்டாவும் உண்டு. நம் ஊரில் நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தாலும் அடுத்து வந்த வேட்பாளர் எம்.எல்.ஏ. ஆகிவிடுவார். அங்கே நோட்டா ஜெயித்தால் மறுபடி முதலிலிருந்து தேர்தல்!

நாடுகாணி தாண்டினால் வருகிற கேரளத்தைச் சேர்ந்த சுருதி சந்திரன் 2020, 2021, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் அந்தப் பதவிக்கு நின்றார். அந்தத் தேர்தல்களில் ஜெயிக்கவில்லை. ஆனால் ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து மட்டுமே வேட்பாளர் வந்தால் போதுமா, பெண்கள் எங்கே என்ற கேள்வியைத் தேர்தல் மேடைக்குக் கொண்டுவந்தார். 2023 செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சியில் நடந்தது. டெபியனில் இன்னொரு நல்ல வழக்கம்: நிரல் எழுதத் தெரியாதவர்களும், மொழிபெயர்ப்பு, ஆவணம் போன்ற வேலைகளைத் தொடர்ந்து செய்தால் முழு உறுப்பினராகி ஓட்டுப் போடலாம். 2010-இல் ஓட்டெடுத்தே இதை முடிவு செய்தார்கள்.

பைத்தானிலும் நிரல் எழுதாதவருக்கு ஒரு கதவு உண்டு. வழிகாட்டுக் குழு தொழில்நுட்பத்தைப் பார்க்கும்; நிதி, பெயருரிமை, மாநாடு போன்றவற்றை பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை பார்க்கும். அதன் இயக்குநர் குழுவுக்கும் தேர்தல் நடக்கிறது. மாதம் 5 மணி நேரமாவது பைத்தானுக்காகத் தன்னார்வ வேலை செய்பவர்கள் பங்களிப்பு உறுப்பினராகப் பதிவு செய்துகொண்டு அதில் ஓட்டுப் போடலாம். சனிக்கிழமை சனிக்கிழமை மாணவர்களுக்கு இலவசமாகப் பைத்தான் சொல்லித் தருகிற ஆசிரியர் ஒருவர் இந்தக் கணக்கில் வருவார். நேரம் இல்லாதவர்கள் சந்தா கட்டியும் ஓட்டுரிமை உள்ள உறுப்பினராகலாம். வெறும் இலவச உறுப்பினருக்கு ஓட்டு இல்லை. இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். பதிவை செல்போனிலேயே முடிக்கலாம். ஓட்டுச்சீட்டு மின்னஞ்சலில் வரும் என்பதால் தினமும் பார்க்கிற முகவரியைக் கொடுங்கள். ஆதார் எண்ணோ வங்கி ஓ.டி.பி.யோ இதற்குத் தேவையே இல்லை. யாராவது கேட்டால் அது மோசடி.

பைத்தானின் புதிய பதிப்பு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வருகிறது. அதை ஒட்டி, ஆண்டு முடிவதற்குள் வழிகாட்டுக் குழுத் தேர்தல். வேட்பாளர் ஒவ்வொருவரும் தான் யார், எங்கே வேலை பார்க்கிறேன், ஏன் நிற்கிறேன் என்று எழுதியிருப்பார். அதை ஓட்டு இல்லாதவர்களும் படிக்கலாம். படிக்கும்போது எங்கே வேலை பார்க்கிறார் என்ற வரியை முதலில் பாருங்கள்.