பழைய வீடு வாங்கப் போகிறீர்களா? நியூ ஜெர்சியில் முதல்முறை வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

வீடு பார்க்கப் போகும் நம் ஆட்கள் காரை விட்டு இறங்கியதும் செய்யும் முதல் வேலை, கைபேசியில் திசைகாட்டியைத் திறப்பது. வாசல் கிழக்கா, அடுப்பு அக்னி மூலையிலா என்று பார்ப்பார்கள். மாடி அறைகளை எண்ணுவார்கள். பேஸ்மென்ட் படியில் பாதி இறங்கி, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நானும் அப்படித்தான் திரும்பினேன். செலவெல்லாம் மீதிப் படிகளுக்குக் கீழே காத்திருந்தது சாவி கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

எடிசன் பக்கம் நம் கைக்கு எட்டும் விலையில் வருபவற்றில் நிறைய, 1950, 60-களில் கட்டிய கேப் காட், ராஞ்ச், ஸ்ப்ளிட் லெவல் வீடுகள். விற்பவரின் ரியல்ட்டர் "ஒரு வருஷ ஹோம் வாரன்ட்டியும் சேர்த்தே தருகிறோம்" என்பார். அதைக் கேட்டதும் நமக்குப் பாதி பயம் போய்விடும். போக வேண்டிய பயம் அது இல்லை.

படி 1: கட்டிய ஆண்டைக் கேளுங்கள்

ஆண்டு தெரிந்தால் அந்த வீட்டுக்கு என்னென்ன நோய் வரும் என்று பாதி சொல்லிவிடலாம்.

1978-க்கு முன் கட்டியது என்றால் சுவரில் ஈயப் பெயின்ட் இருக்கலாம். தெரிந்ததை விற்பவர் எழுத்தில் சொல்லியாக வேண்டும், சோதித்துப் பார்க்க உங்களுக்கு 10 நாள் தர வேண்டும் என்பது மத்திய அரசின் சட்டம். ஜன்னல் விளிம்பைக் கடிக்கிற வயதில் குழந்தை இருந்தால் அந்த 10 நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏறக்குறைய 1965 முதல் 1973 வரை கட்டிய வீடுகளில் செம்புக்குப் பதில் அலுமினிய ஒயர் ஓடியிருக்கலாம். ஒயரைவிட அதன் இணைப்புகள்தான் தொல்லை. நாளாவட்டத்தில் தளர்ந்து சூடேறும். 1978-லிருந்து 1995 வரை பாலிபியூட்டிலீன் என்ற பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் புழக்கத்தில் இருந்தது. பெரும்பாலும் சாம்பல் நிறம், சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விடும். அதைவிடப் பழைய வீடுகளில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் உள்ளே துருவேறிக் குறுகியிருக்கும். மாடிக் குளியலறைக் குழாயையும் சமையலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். ஒன்று அழுதால் காரணம் கேளுங்கள்.

மின்பெட்டியின் கதவையும் திறக்கச் சொல்லுங்கள். ஃபெடரல் பசிஃபிக் ஸ்டாப்-லோக் என்று எழுதியிருந்தால், துண்டிக்க வேண்டிய நேரத்தில் துண்டிக்காத பிரேக்கர் என்ற கெட்ட பெயர் அதற்கு உண்டு. காப்பீட்டு நிறுவனங்கள் பல முகம் சுளிக்கும். அது இல்லாவிட்டாலும், 60 ஆம்ப் இணைப்போடு நிற்கிற வீட்டில் வெட் கிரைண்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் மின்காரும் சேர்ந்து வாழ முடியாது. அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கி வெளியே ஊதுகிறதா, திரும்ப நம் முகத்திலேயே ஊதுகிறதா என்பதையும் பாருங்கள். தாளிப்பு வாசனை கார்பெட்டில் குடியேறிய பிறகு இது நினைவுக்கு வந்து பயனில்லை.

படி 2: நாள்கணக்கைத் தவற விடாதீர்கள்

ரியல்ட்டர் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு, இந்த மாநிலத்தில் மூன்று வேலை நாள் அட்டர்னி ரிவியூ உண்டு. அதற்குள் இரு தரப்பு அட்டர்னிகளும் வாய் திறக்காவிட்டால் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். சோதனைக்கு எத்தனை நாள், எந்தக் குறை வந்தால் முன்பணத்தோடு விலகலாம் என்பதையெல்லாம் உங்கள் அட்டர்னி அப்போதே எழுதி வாங்க வேண்டும். விற்பவர் "ஆஸ் இஸ்" என்று போட்டிருந்தாலும் சோதனை உரிமையைக் கேளுங்கள். பழுது பார்த்துத் தர மாட்டேன் என்று அவர் சொல்லலாம். நீங்கள் பார்க்கவே கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை.

அதே வாரத்தில் டவுன்ஷிப் அலுவலகத்துக்கு ஓப்ரா விண்ணப்பம் ஒன்று போடுங்கள். பொது ஆவணங்களைக் கேட்டு வாங்கும் சட்டம் அது. பொதுவாக ஏழு வேலை நாளில் பதில் வர வேண்டும். அந்த முகவரிக்கு வாங்கிய பெர்மிட்டுகள் எல்லாம் கிடைக்கும். பேஸ்மென்ட்டில் அழகான குளியலறை இருந்து, கோப்பில் பிளம்பிங் பெர்மிட் இல்லையென்றால் அந்த அழகுக்கு நீங்கள்தான் பின்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

படி 3: இன்ஸ்பெக்டர் தொடாத இடங்கள்

மாநில உரிமம் பெற்ற ஹோம் இன்ஸ்பெக்டர் கூரை முதல் அஸ்திவாரம் வரை கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்பார். கூடவே போங்கள், அறிக்கையில் எழுதாததை வாயால் சொல்வார்கள். ஆனால் மண்ணுக்குள் இருப்பது அவர் வேலையில் சேராது. தனியாகக் காசு கொடுத்துச் செய்ய வேண்டியவை நான்கு. கரையான் சோதனை எல்லோரும் செய்வது, விட்டுவிடுகிறேன். ரேடான் வாயு லிட்டர் காற்றுக்கு 4 பைக்கோகியூரி அல்லது அதற்கு மேல் வந்தால் சரிசெய்யச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. ஒரு குழாயும் விசிறியும் வைத்துச் சரிசெய்துவிடலாம், அதற்காக நல்ல வீட்டை விட வேண்டாம்.

மூன்றாவது, கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா. வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் குழாய் பழைய வீடுகளில் சுட்ட மண்ணாக இருக்கும். மர வேர் இணைப்பு வழியே உள்ளே நுழைந்துவிடும். தார் ஊறிய நார்க் குழாயும் உண்டு, ஆரஞ்ச்பர்க் என்பார்கள், 1970-களின் தொடக்கம் வரை போட்டார்கள். அது ஈர அட்டை போல அமுங்கிப் போகும். தோண்டி மாற்றினால் பத்தாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். கேமராவுக்கு ஆவது சில நூறு டாலர்.

நான்காவதுதான் இந்த ஊரின் பூதம்: மண்ணுக்குள் எண்ணெய்த் தொட்டி. ஒரு காலத்தில் வீடுகளை எண்ணெய் எரித்துச் சூடேற்றினார்கள். கேஸ் வந்ததும் பலர் தொட்டியை எடுக்காமல் புல்லை வளர்த்துவிட்டார்கள். இரும்பு துருப்பிடித்து ஓட்டையாகி எண்ணெய் மண்ணில் இறங்கினால், சுத்தம் செய்யும் செலவு பல பத்தாயிரம் டாலருக்குப் போகலாம். வழக்கமான வீட்டுக் காப்பீடு உங்கள் மண்ணின் மாசுக்குப் பொதுவாகப் பணம் தராது. பார்க்காமல் வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும். பேஸ்மென்ட் சுவரில் வெட்டிவிடப்பட்ட மெல்லிய செம்புக் குழாய், வீட்டோரம் மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும் இரும்புக் குழாய் இரண்டும் அடையாளம். அடையாளம் இல்லாவிட்டாலும் கருவி வைத்து முற்றத்தைத் தேடச் சொல்லுங்கள். தொட்டி கிடைத்தால், வீடு உங்கள் பெயருக்கு மாறும் க்ளோசிங்குக்கு முன் விற்பவரே பெர்மிட் வாங்கி எடுக்கட்டும். கசிந்திருந்தால், இனி நடவடிக்கை தேவையில்லை என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை தரும் கடிதம் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் மட்டும் நான் தாட்சண்யம் பார்ப்பதில்லை.

படி 4: வயதை எழுதிக் கூட்டுங்கள்

ஃபர்னஸ், ஏசி, வாட்டர் ஹீட்டர் மூன்றிலும் பெயர்த்தகடு ஒட்டியிருக்கும். படம் எடுத்து வந்தால் தயாரித்த ஆண்டு கிடைத்துவிடும். வாட்டர் ஹீட்டர் 8–12 ஆண்டு, ஏசி 12–15, ஃபர்னஸ் 15–20, தார்த்தகட்டுக் கூரை 20–25 என்று வையுங்கள். ஐந்து ஆண்டுக்குள் சாகப் போவது எது என்று பார்த்து, எதிரே உள்ளூர் ஆளிடம் கேட்ட விலையை எழுதுங்கள். 2010-க்கு முந்தைய ஏசி என்றால் அது ஆர்-22 வாயுவில் ஓடலாம். அதன் உற்பத்தியும் இறக்குமதியும் 2020 ஜனவரி 1-உடன் நின்றுவிட்டன, மிச்ச இருப்பு யானை விலை. கூட்டிய தொகையை வீட்டின் விலையோடு சேர்த்துப் படியுங்கள். அதுதான் நீங்கள் கொடுக்கும் விலை.

படி 5: இப்போது வாரன்ட்டிக்கு வருவோம்

ஒரே மாதிரி ஒலிக்கிற மூன்று விஷயங்களை நம்மவர்கள் குழப்புகிறார்கள். தீ, புயலுக்கானது வீட்டுக் காப்பீடு. கடன் வாங்கினால் கட்டாயம். புது வீட்டுக்குக் கட்டியவர் தரும் உத்தரவாதம் வேறு. நியூ ஜெர்சியில் 1977-இல் வந்த சட்டப்படி வேலைத்தரத்துக்கு ஓராண்டு, வயரிங், பிளம்பிங் போன்றவற்றுக்கு இரண்டு, பெரிய கட்டமைப்புக் குறைக்குப் பத்து. பழைய வீட்டோடு வரும் ஹோம் வாரன்ட்டி இந்த இரண்டும் இல்லை. தேய்ந்து பழுதாகும் சாதனங்களைப் பார்த்துத் தருகிறோம் என்ற ஓராண்டுச் சேவை ஒப்பந்தம், அவ்வளவே. ஆண்டுக்குச் சில நூறு டாலர். ஆள் வரும் ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம், நூறு டாலர் சுற்றி.

ஒப்பந்தத்தைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள். முன்பே இருந்த பழுது இல்லை, பராமரிக்காத சாதனம் இல்லை, பெர்மிட் செலவு இல்லை, பழையதை அகற்றும் கூலி இல்லை. ஒவ்வொரு சாதனத்துக்கும் உச்சவரம்பு உண்டு. யாரை அனுப்புவது, பழுதா மாற்றா என்பது அவர்கள் முடிவு. மேலே சொன்ன தொட்டி, அஸ்திவாரம், ஈயம், பழைய ஒயர் எதுவும் இதற்குள் வராது.

என் முதல் ஜனவரியில் ஃபர்னஸ் நின்றது. கூப்பிட்ட மூன்றாம் நாள் ஆள் வந்தார், வெப்பமாற்றியில் விரிசல் என்றார். நிறுவனம் முந்தைய மூன்றாண்டுச் சர்வீஸ் ரசீதைக் கேட்டது. விற்றவரின் ரசீதுக்கு நான் எங்கே போவேன்? "பராமரிப்பின்மை" என்று மறுத்தார்கள். க்ளோசிங்குக்கு முந்தைய இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கையில் ஃபர்னஸ் ஓடியதாக இருந்த பக்கத்தை அனுப்பி, மூன்று கடிதம் எழுதிய பிறகு 1,200 டாலர் வந்தது. புது ஃபர்னஸ் 5,800.

ஆகவே என் கணக்கு: விற்பவர் காசில் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டிக் கை காலியானவர்களுக்கும், சாதனங்கள் எல்லாம் நடுவயதில் உள்ள வீட்டுக்கும் முதல் ஆண்டு மட்டும் பொருந்தும். சாகக் கிடக்கும் சாதனத்துக்காகச் சொந்தக் காசில் எடுப்பது வீண் வேலை.

படி 6: பேரத்தில் வாரன்ட்டியை மாற்றுப்பொருளாக ஏற்காதீர்கள்

18 வயது ஃபர்னஸைக் காட்டி நீங்கள் பணம் கேட்டால் "அதான் வாரன்ட்டி தருகிறோமே" என்பார்கள். 600 டாலர் கொடுத்து 6,000 டாலரைத் தட்டிக் கழிக்கும் வழி அது. கேட்க வேண்டியது க்ளோசிங்கில் கிரெடிட். விலையில் 6,000 குறைத்தால், 6.5 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடனுக்கு மாதம் 38 டாலர்தான் குறையும். கிரெடிட் என்றால் க்ளோசிங் செலவில் அவ்வளவும் மிச்சமாகி, அந்தப் பணத்தில் முதல் குளிர்காலத்துக்கு முன் ஃபர்னஸ் மாற்றலாம். ஆனால் வங்கிக்கு வரம்பு உண்டு. சாதாரணக் கடனில் முன்பணம் 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் விற்பவர் தரக்கூடியது விலையில் 3 சதவீதம் வரைதான், அதுவும் உண்மையான க்ளோசிங் செலவைத் தாண்டக் கூடாது. எவ்வளவு கேட்கலாம் என்று கடன் அதிகாரியிடம் விசாரித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

படி 7: சாவி வாங்கிய வாரம்

தண்ணீரின் மெயின் வால்வைத் தேடிச் சிவப்புத் துணி கட்டுங்கள். வீட்டு விலையில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் ஒதுக்கு என்பது பொதுக் கணக்கு. ஐம்பது வயது தாண்டிய வீட்டுக்கு நான் இரண்டு வைக்கிறேன். அக்டோபருக்குள் ஃபர்னஸ் சர்வீஸ். ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபர்னஸின் பக்கவாட்டிலேயே ஒட்டிவிட்டேன். வாரன்ட்டியை நான் புதுப்பிக்கவில்லை. அந்த ரசீதுகள் அடுத்து இந்த வீட்டை வாங்குகிறவருக்கு வேண்டியிருக்கும்.