முடிகிறபோதே உட்கார்ந்துவிடு

ஈரோடு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. உங்கப்பா நேற்று ராத்திரி போனில் பேசினார். ஞாயிற்றுக்கிழமை நீ மருதமலைப் படியேறிச் சாமி கும்பிட்டாயாம். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தாயாம், திங்கட்கிழமை கல்லூரிக்குப் போய்ப் பாடமும் நடத்தினாயாம். செவ்வாய்க்கிழமை விடிந்தால் பல் துலக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை. தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டினது மாதிரி, ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாய் என்றெல்லாம் சொன்னார். கோவிட் வந்து போய் அரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இன்னும் என்ன அசதி என்பது அவர் கேள்வி. தெம்பு வர ஜிம்மில் சேர்த்துவிடலாமா என்பது அடுத்த கேள்வி.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படுத்துக் கிடந்தவர்களை எழுப்பி நடக்க வைத்தே காலமெல்லாம் சம்பளம் வாங்கின பிசியோதெரபிஸ்ட், உடற்பயிற்சி வேண்டாம் என்கிறாளே என்று அண்ணனுக்கு ஆச்சரியம். உனக்கும் இருக்கும். போனில் சொன்னால் நீயும் பதில் பேச வேண்டியிருக்கும். கடிதம் என்றால் படுத்தபடியே நாலு தவணையில் படிக்கலாம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வேலை செய்தால் யாருக்கும் அலுப்பு வரும், தூங்கி எழுந்தால் போய்விடும். மலையேறினால் கெண்டைக்கால் இரண்டு நாள் பிடித்துக்கொள்ளும், எண்ணெய் தேய்த்துக்கொண்டு சிரித்தபடியே நொண்டுவோம். உன்னுடையது அந்த ரகம் இல்லை கண்ணு. செய்த வேலைக்கும் விழுகிற அடிக்கும் பொருத்தமே இருப்பதில்லை. அந்த அடியும் அன்றைக்கே விழாமல் ஒரு நாள், இரண்டு நாள் கழித்து விழுகிறது. விழுந்தால் நாள்கணக்கில், சமயத்தில் வாரக்கணக்கில் எழவிடுவதில்லை. எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்கின மாதிரியே இருக்காது. உடம்போடு சேர்ந்து தலையும் மந்தித்துப் போகும். மயால்ஜிக் என்செபலோமைலிட்டிஸ் என்கிற நாள்பட்ட களைப்பு நோய்க்கு இந்தச் சரிவுதான் முதல் அடையாளம். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015-ல் கொடுத்த அறிக்கை, 6 மாதத்துக்கு மேல் நீடிக்கும் களைப்போடு இந்தச் சரிவும் இருந்தால்தான் அந்த நோய் என்று சொல்லலாம் என்று வரையறுத்தது. நீண்டகாலக் கோவிட் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கும் இதே சரிவு வருகிறது.

உழைப்பு என்றால் மலையேறுவது மட்டும் என்று நினைக்காதே. பரீட்சைத் தாள் திருத்துவது, வந்த விருந்தாளியோடு முகம் கோணாமல் பேசிக்கொண்டிருப்பது, உங்கப்பாவோடு வாக்குவாதம் செய்வது எல்லாமே கணக்கில் ஏறும்.

இதெல்லாம் மனசுதான், ஒரு கல்யாணம் முடிந்தால் சரியாகிவிடும் என்று சொல்வதற்கு நம் வீட்டில் ஆள் இருக்கிறது. யார் என்று உனக்கே தெரியும். அவர்களுக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டு. ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரை ஒட்டிய பகுதியில், மூன்று வகைக் கிருமிகளால் காய்ச்சலில் விழுந்த 253 பேரை நோய் தொடங்கிய காலத்திலிருந்தே பின்தொடர்ந்து பார்த்தார்கள். அந்த மூன்றில் ஒன்றான ராஸ் ரிவர் வைரஸ் நம் சிக்குன்குனியாவுக்குப் பங்காளி, அதுவும் கொசுவால் வருவதுதான். 6 மாதம் கழித்து 100-க்கு 12 பேர் அன்றாட வாழ்க்கையை முடக்கும் அசதியில் இருந்தார்கள். கிருமி எதுவானாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். யார் எழுந்தார்கள், யார் விழுந்தே கிடந்தார்கள் என்பதை, தொடக்கத்தில் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக அடித்தது என்பதுதான் தீர்மானித்தது. வயது, ஆணா பெண்ணா, முன்பிருந்த மனநிலை எதுவும் தீர்மானிக்கவில்லை. 2006-ல் வெளியான ஆய்வு இது.

2024-ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து இன்னொன்று வந்தது. நீண்டகாலக் கோவிட் உள்ள 25 பேரையும் நலமாக இருந்த 21 பேரையும் கால் மணி நேரம் போலச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். மிதிப்பதற்கு முன்பும், மிதித்த மறுநாளும் தொடையிலிருந்து துளித் தசை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நோயாளிகளின் தசை அணுக்களில் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஏற்கெனவே மந்தம். மிதித்த பிறகு இன்னும் மோசம். தசை நார்களில் சிதைவும் கூடியிருந்தது. சோம்பேறித்தனத்துக்கு இப்படித் தசை சிதையாது என்று உங்கப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

எங்கள் தொழிலுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய பாக்கி உண்டு. 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறக்குறைய 300 பேர் இப்படி ஒரு நோயில் விழுந்தார்கள், பெரும்பாலும் அங்கே வேலை பார்த்த நர்சுகள், டாக்டர்கள், ஊழியர்கள். மருத்துவமனையையே சில மாதம் மூடினார்கள். 1970-ல் இரண்டு மனநல மருத்துவர்கள், நோயாளிகளைக் கூப்பிட்டுப் பார்க்காமல் பழைய குறிப்புகளைப் புரட்டி, அது கூட்டமாக வந்த ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். விழுந்தவர்களில் பெண்கள் அதிகம் என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று! அந்த எழுத்தின் நிழல் வெகுகாலம் போகவில்லை. 2007-ல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டல் அமைப்பான நைஸ், இந்த நோயாளிகளுக்குப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுங்கள் என்று வழிகாட்டியது. 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பேஸ் ஆய்வும் அதையே ஆதரித்தது. செய்தால் படுத்துவிடுகிறோம் என்று நோயாளிகள் கத்திக்கொண்டே இருந்தார்கள். ஆய்வின் மூலத் தரவைக் கேட்டு வழக்காடி, 2016-ல் தீர்ப்பாயத்தின் உத்தரவோடு வாங்கினார்கள். அதை மறுபடி கணக்குப் போட்டபோது சொன்ன பலனில் பெரும்பகுதி கரைந்துபோனது. 2021 அக்டோபரில் நைஸே தன் வழிகாட்டலை மாற்றி, படிப்படியாகக் கூட்டும் பயிற்சியை இவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்றது.

பிசியோதெரபிஸ்டுக்கு இது லேசான விஷயம் இல்லை. முட்டி மாற்றினவர், பக்கவாதம் வந்தவர், நெஞ்சு ஆபரேஷன் ஆனவர் யாராக இருந்தாலும், நேற்றைவிட இன்று நாலு அடி கூட என்பதுதான் நாங்கள் கும்பிடுகிற சாமி. அவர்களுக்கு அது பலிக்கிறது. உன் உடம்பில் பலிக்காது.

பிறகு என்ன செய்வது? தாத்தா நம் தோட்டத்துக் கிணற்றை வைத்துப் பிழைத்ததை நினைத்துக்கொள். மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டுவார், நிறுத்துவார், ஊற விடுவார், பிறகுதான் மறுபடி சுவிட்ச். தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே நிறுத்துவார். புட்வால்வு வெளியே தெரியும்வரை ஓட்டினால் காற்றை இழுத்துப் பம்பு கெட்டுவிடும், அப்புறம் ஒரு வாரம் பயிருக்கு ஒரு சொட்டு கிடையாது. நீ செய்ய வேண்டியதும் அதுதான். களைத்த பிறகு உட்காராதே, இன்னும் முடியும் என்று தோன்றுகிறபோதே உட்கார்ந்துவிடு. இது சொல்ல எளிது. செய்ய, அதுவும் சின்ன வயசில் ஓடியாடிய உனக்கு, மலையேறுவதைவிடக் கஷ்டம்.

மோசமான நாளில் நீ தப்பு செய்ய மாட்டாய், படுத்துத்தான் கிடப்பாய். உன்னைக் கவிழ்ப்பது நல்ல நாள்தான். காலையில் லேசாக இருக்கிறதே என்று துணி துவைத்து, பீரோவை ஒழுங்குபடுத்தி, தோழியைப் பார்க்கவும் கிளம்புவாய். மூன்றாம் நாள் மறுபடி படுக்கை. நல்ல நாளில் செய்யலாம் என்று தோன்றுவதில் பாதியைச் செய், மீதியை நாளைக்கு வை. நாளையும் முழுசாகச் செய்யாதே.

குளியலறையில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள். தலைக்கு ஊற்றுகிற நாள் உனக்கு மோசமாகப் போகிறது என்று உங்கம்மா சொன்னாள். சொல்லாமலே எனக்குத் தெரிந்திருக்கும். வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரியும், நின்றுகொண்டே இருந்தால் ரத்தம் காலில் இறங்கும், கையைத் தூக்கித் தேய்த்தால் இதயம் இன்னும் வேகமாக அடிக்கும். உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் குளி, அலசுவதை அம்மாவிடம் விடு. தலை காயும்வரை படுத்துக்கொள். அடுப்படியிலும் அதே ஸ்டூல்தான். தோசை ஊற்றும்போது உட்கார்ந்தால் தோசை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. கையில் கட்டுகிற ஸ்மார்ட் வாட்ச் இருந்தால், காலையில் படுத்திருக்கும்போது நாடித் துடிப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொள். அதற்கு மேல் 15 ஏறினால் செய்வதை நிறுத்திவிட்டு உட்கார் என்பது இந்த நோயாளிகளோடு வேலை செய்யும் சிலர் சொல்லும் அளவு. ஓய்வு என்றால் கண்ணை மூடிக் கிடப்பது. போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பது ஓய்வில் சேராது, திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டேன்.

கல்லூரியில் உட்கார்ந்தே பாடம் நடத்துகிறேன் என்று எழுதிக் கொடு. மூன்றாம் மாடி வகுப்பைக் கீழே மாற்றித் தரச் சொல். பரீட்சை மேற்பார்வைக்கு நிற்கவே நிற்காதே. கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கப்பாவைக் கூட்டிக்கொண்டு போ, அவருக்குக் கூச்சம் கிடையாது.

டாக்டரிடம் போகும்போது டயர்டாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் பி காம்ப்ளக்ஸ் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போ: என்ன செய்தாய், எத்தனை மணி நேரம் கழித்து விழுந்தாய், எழ எத்தனை நாள் ஆயிற்று. அதை அவர் முன்னால் வை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை, பி12, வைட்டமின் டி பார்க்கச் சொல். அசதிக்கு வேறு காரணம் இருந்து அதைக் கோவிட் தலையில் கட்டிவிடக் கூடாது. படுத்திருக்கும்போதும், சுவரில் சாய்ந்து 10 நிமிடம் நிற்கும்போதும் நாடியை எண்ணச் சொல். துடிப்பு 30-க்கு மேல் கூடி, ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் இருந்தால் அதற்குத் தனி வைத்தியம் உண்டு. ஆனால் யாரோ சொன்னார்கள் என்று நீயாக உப்பைக் கூட்டாதே, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம் போட்டு விழுவது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது வந்தால் நோட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. சாயங்காலக் காய்ச்சலும் உடம்பு இளைப்பதும் சேர்ந்து வந்தால் காசநோய்ச் சோதனையைத் தள்ளிப்போடாதே.

இந்த நோயைக் குணமாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்னும் வரவில்லை. இருக்கிறது என்று வாட்ஸப்பில் யாராவது லிங்க் அனுப்பினால் பணத்தைக் கட்டாதே. அம்மா வைக்கிற ஆட்டுக்கால் சூப்பை ருசிக்காகக் குடி. கோவிட்டுக்குப் பின் வரும் அசதி பலருக்கு மாதங்கள் போகப் போகத் தணிகிறது, சிலருக்கு வருஷக்கணக்கில் இழுக்கிறது. நீ எந்தப் பக்கம் என்று என்னால் சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப விழாமல் பார்த்துக்கொண்டால் உடம்புக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும் என்பது மட்டும் என் நம்பிக்கை.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதை மறைத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறதாம். மறைக்கக் கூடாது என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பஜ்ஜித் தட்டைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நின்றுவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடக்கிற பெண்ணை எத்தனை காலம் மறைக்க முடியும்? இந்த வருஷம் அந்தப் பேச்சே வேண்டாம்.

அடுத்த வாரம் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கும் நீ வர வேண்டாம். நாலு மணிக்கு எழுந்து பட்டுப்புடவை கட்டி, பந்தியில் நின்று, எல்லாருக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் மருதமலையே தேவலை என்று ஆகிவிடும். கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்துக்கும் பதில் எழுத உட்காராதே. படித்தேன் என்று வாட்ஸப்பில் ஒரு வார்த்தை போடு, அதுவும் நாளைக்குப் போதும்.

அன்புடன்,
அத்தை